ஆயிரமாவது துடிப்பு

அந்த மலையடிவார மடத்தில் கடிகாரம் கிடையாது. மாலைத் தியானத்தில் ஒருவர் சேகண்டி என்னும் வெண்கலத் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் நாடியைப் பிடித்து ஆயிரம் துடிப்பு எண்ணுவார். எண்ணி முடித்து அடித்தால்தான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம். கஞ்சி அதற்கப்புறம்தான்.

சீடர் தெய்வசிகாமணிக்கு அந்தப் பொறுப்பு வந்ததே இல்லை. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற அறுபத்திரண்டு வயதுக்காரர். ஒன்பது வருடமாக அவருடைய இதயம் தாளம் தப்பித்தான் துடித்தது. ஓடும், நிற்கும், தடுக்கும், மறுபடி ஓடும். போன மாதம் பட்டணத்து மருத்துவர்கள் தொடை வழியாக இதயத்துக்குள் குழாயை விட்டு, கோளாறு கிளம்பும் இடங்களைச் சுட்டுவிட்டார்கள்.

"உள்ளே ஆற மூணு மாசம் ஆகும். நடுவுல தடுமாறினாலும் தடுமாறும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். மனிதர் காதில் 'தடுமாறும்' மட்டும் தங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே பாதியில் நிறுத்தி நாடி பார்ப்பார். குளிக்கும்போது பார்ப்பார். தூங்கினால் பார்க்க முடியாதே என்று தூங்காமலும் கிடந்தார்.

மடத்தின் குரு வேதவல்லி அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"அம்மா, அந்தத் தடுமாற்றம் திரும்பி வந்துடுமா?"

"எப்படியும் நாடியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க, ஐயா. மடத்துக்கும் உதவட்டும். இன்னிக்குச் சேகண்டி உங்களுது."

மாலையில் தெய்வசிகாமணி வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எதிரே அம்மையார், சுற்றிலும் மற்றவர்கள். விரலுக்குக் கீழே துடிப்பு சீராக வந்தது.

நானூற்றுப் பன்னிரண்டில் முதுகுக்குப் பின்னால் இன்னொரு துடிப்பு கேட்டது.

ஓடியது. நின்றது. தடுக்கியது. மறுபடி ஓடியது. கூடப் பிறந்தவனின் காலடிச் சத்தம் போல அவருக்கு அது அத்துப்படி. விரலுக்குக் கீழே நாடியோ சீராகவே இருந்தது. எண்ணிக்கை போயே போய்விட்டது. ஒருவரும் எழவில்லை. ஜன்னல் இருண்டது, கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் அம்மையாரே எழுந்து வந்து சேகண்டியை அடித்தார்.

"என்ன ஆச்சு?"

"வாசல்ல நிக்குதும்மா. என் பழைய துடிப்பு."

அம்மையார் சிரிக்கவில்லை. ஒரு பாயைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் விரித்தார்.

"ஒன்பது வருஷம் கூட இருந்தது. நிக்க வைக்கலாமா?"

மறுநாள் சத்தம் பாயிலிருந்தே வந்தது. எழுநூற்றில் எண்ணிக்கை தப்பியது. திரும்பிப் பாயைத் தொட்டார். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"பாய் சுடுதும்மா."

"உக்காந்திருந்தா சுடத்தானே செய்யும்."

விடிந்ததும் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனார். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. நிம்மதியாகத் திரும்ப வேண்டியவர் வெளிறிப்போய் வந்தார்.

"உள்ளே இல்லேங்கிறாங்க. அப்போ வெளியில இருக்கிறது எதும்மா?"

அன்று மாலை அம்மையார் எதிரே உட்காராமல், பின்னால் இருந்த பாயில் வந்து அமர்ந்தார். கையை நீட்டினார்.

"உங்க நாடியை விடுங்க. இதைப் பிடிச்சு எண்ணுங்க."

தெய்வசிகாமணி தன் மணிக்கட்டை விட்டார். அது அவருக்குச் சுலபமாக இல்லை. அம்மையாரின் கையில் விரலை வைத்தார்.

ஓடியது. நின்றது. தடுக்கியது. மறுபடி ஓடியது.

அவர் திரும்பி அம்மையாரின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குமா? எத்தனை வருஷமா?"

"டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கிறேன். வருஷத்தை எண்ணலை."

"நேத்து நீங்க எதிர்ல இருந்தீங்களே. அப்போ பாய்ல இருந்தது யாரு?"

அம்மையார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரலுக்குக் கீழே துடிப்பு நின்றது. வரவில்லை. தெய்வசிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு வந்தது.

"இது நின்னு நின்னு வருதும்மா. இதை வச்சு ஆயிரம் எப்படி எண்ணுறது?"

"நிக்கும்போது காத்திருங்க, ஐயா. வந்ததும் எண்ணுங்க. எல்லாருக்கும் பசிக்குது."