புடைக்காத நெல்

“எலி தொடாத மூட்டையில்…” என்று ஏதோ ஒரு பேச்சில் ஆரம்பித்தாராம் அந்த மடத்தை நிறுவிய பெரியவர். பதர்தான் இருக்கும் என்று முடித்தாரா, வேறு விதமாகவா, சரியாகச் சொல்ல இப்போது ஆளில்லை. அவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் மட்டும் நிற்கிறது.

சாயங்காலம் சீடரில் ஒருவர் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டும். குருவும் மற்றவர்களும் கேள்வி கேட்டே அதைப் புடைத்து எடுப்பார்கள். அந்தப் புடைத்தலில் தேறியவனைத்தான் மலையடிவாரப் பள்ளிக்குப் பாடம் சொல்ல அனுப்புவார்கள்.

மாசிலாமணிக்கு அந்தப் பள்ளிக்குப் போக ஆசை. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அவன் பேரை எடுத்தாலே, “அவருக்கு எதற்கு அந்த அலைச்சல், பாவம்” என்று பேச்சு முடிந்துவிடும். மடத்துக்கு வந்த நாள்முதல் அவன் பேச்சுக்கு ஒரு கேள்வி எழுந்ததில்லை. பேசி முடித்தால் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும்: “ஆகா!”

அன்றைக்கு அவனுக்குப் பொறுமை போய்விட்டது. வேண்டுமென்றே உளறினான்.

“ஆறு கடலில் பிறந்து மலைமேல் ஏறுகிறது. உச்சியில் போய் உப்பாகிறது. ஆன்மாவும் அப்படியே.”

“ஆகா!”

சட்டநாதன் உருகிப்போய் மூக்கை உறிஞ்சினான். வேறு யார் வாயைத் திறந்தாலும் கேள்வி கேட்டுக் கழுத்தைப் பிடிக்கிறவன் அவன். “புறக்கண் இல்லாவிட்டால் என்ன? அகக்கண் எப்படித் திறந்திருக்கிறது பாருங்கள்!”

“எந்தக் கண்ணும் திறக்கவில்லை. உளறினேன்.”

“என்ன அடக்கம்!” என்றது ஒரு குரல் பின்வரிசையில்.

“ஆறு எங்கேயாவது மலை ஏறுமா? கேளுங்களேன்!”

“உங்களுக்கு ஏறும், சாமி” என்று சட்டநாதன் அவன் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தான்.

மாசிலாமணி போய்த் துணிமூட்டையைக் கட்டினான். அதைத் தோளில் மாட்டி, தடியையும் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு குருவின் வாசலில் வந்து நின்றான்.

“கிளம்புகிறேன், ஐயா.”

“பள்ளிக்கு அனுப்பவில்லை என்றா?”

“புடைக்காத நெல்லை எப்படி அனுப்புவீர்கள்? இன்று நான் உளறியது உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா?”

“தெரிந்தது.”

“ஏன் கேட்கவில்லை?”

“மனசு வரவில்லை.”

“நேற்று சட்டநாதனைக் கிழித்துத் தொங்கவிட்டீர்களே, அதற்கு மட்டும் வந்ததா?”

“அவன் தாங்குவான்.”

“நான் தாங்கமாட்டேன் என்று யார் சொன்னது? என்னைக் கேட்டீர்களா?”

மாசிலாமணி திரும்பி, படியைத் தடியால் துழாவினான்.

“நில்” என்றார் குரு. “இன்றைக்குச் சொன்னது உளறல். போகட்டும். போன வாரம் ஈகைக்குப் பொருள் சொன்னாயே, கொடுக்கிறவன் மனசு குளிர்ந்தாலே தர்மம் நிறைந்துவிட்டது என்று?”

“அது ராப்பகலாக யோசித்துச் சொன்னது.”

“அது இதைவிட மோசம்.”

மாசிலாமணிக்குக் காதுமடல் சுட்டது.

“எங்கே தப்பு?” குரல் அவனை அறியாமல் உயர்ந்தது.

“வாங்கினவன் வயிறு நிறைந்ததா? அதை எவன் கேட்டான்?”

வாழைப்பழம் அவன் கைக்குள்ளேயே நசுங்கியிருந்தது.

“இதை நாளைக்குச் சபையில் கேளுங்கள். பதில் சொல்கிறேன்.”

“உன்னிடம் பதில் இல்லை.”

மாசிலாமணி மூட்டையைக் கீழே வைத்தான்.