புள்ளியம்மாவின் மஞ்சள் விளக்கு

வண்டிகளும் கோழிகளும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், எந்த வண்டிக்கும் பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. நிற்கப் போனாலும் சிவப்பு, திரும்பப் போனாலும் சிவப்பு. பின்னால் வருகிறவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்? நம் ஆட்களின் வழக்கம்தான் தெரியுமே. முன்னால் போகிறவன் வேகத்தைக் குறைத்தால், "வழி விடுகிறான், நல்ல பிள்ளை" என்று வலது பக்கமாக ஏறிப் போய்விடுவார்கள். அவன் வலது பக்கம் திரும்புகிறவனாக இருந்தால் தொலைந்தது.

நாமக்கல் பக்கம் செங்கோடன் என்று ஒரு டெம்போ இருந்தான். சின்ன வண்டி, பயந்த சுபாவம். ஓர் ஐப்பசியில் ஏரி உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. புள்ளியம்மா என்ற கோழி தன் முட்டைகளைக் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டு அவன் முதுகில் ஏறினாள். நெடுஞ்சாலைக்கு வலது பக்கம் ஓர் அரிசி ஆலை. அங்கே உமி கொட்டிய கொட்டகை காய்ந்து கதகதப்பாக இருக்கும். இருட்டுவதற்குள் போய் அடைக்கு உட்கார வேண்டும். முட்டைகள் குளிர்ந்துபோனால் ஒன்றுகூடப் பொரிக்காது. போன தடவை வைத்த முட்டைகளையெல்லாம் பாம்பு குடித்துவிட்டது. பாவம், இந்தக் கூடையாவது பிழைக்கவேண்டுமே என்று அதை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டாள்.

"தம்பி, குலுக்காமப் போ."

"நான் மெதுவாத்தான் போறேங்க்கா. பின்னால வர்றவங்களை நெனச்சாத்தான் பயமா இருக்குது."

பயந்தபடியேதான் நடந்தது. அரிசி ஆலைக்குத் திரும்பும் இடத்தில் செங்கோடன் சிவப்பைப் போட்டு வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த காளியண்ணன் என்ற லாரி, வழி கிடைத்தது என்று வலது பக்கம் ஏறினார். இவன் அலறி இடது பக்கம் ஒடிக்க, அவர் உரசிக்கொண்டு போய் நின்றார். கூடை சாய்ந்து இரண்டு முட்டைகள் தார் ரோட்டில் விழுந்து உடைந்தன.

"கண்ணு தெரியலீங்களாண்ணா? திரும்பறேன்னு விளக்குப் போட்டேனே!"

"என்னடா விளக்குப் போட்ட? சிவப்பு! சிவப்புன்னா நிக்கறேன்னுதான் அர்த்தம்."

"அது திரும்பற சிவப்புங்ணா."

"அட! சிவப்புல உனக்கு எத்தனை ரகம்டா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று கத்தினாள் புள்ளியம்மா. "போனது என் பிள்ளைங்க."

காளியண்ணன் முரடர்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

"தப்புத்தான் அம்மிணி. ஆனா இந்த மழையில சிவப்பும் சிவப்பும் கலந்து ஒரு எழவும் தெரியல. அங்க கெடக்குதே உங்க முட்டை, அது மட்டும் பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது."

மூவரும் பார்த்தார்கள். கறுத்த ரோட்டில், கொட்டுகிற மழையில், நாட்டுக்கோழி முட்டையின் மஞ்சள் கரு நன்றாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.

திருப்பத்தைத் தாண்டி வந்தாயிற்று. இனி அடுத்த திருப்பத்தில்தான் வலது பக்கம் போகமுடியும். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. புள்ளியம்மா கூடையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள்.

"செங்கோடா, வலது பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியைக் கழற்று."

"எதுக்குங்க்கா?"

கேட்டுக்கொண்டே அவன் கழற்றினான். புள்ளியம்மா கூடையிலேயே பெரிய முட்டையை எடுத்தாள். அதை இட்ட அன்றைக்குத்தான் ஊரையே கூட்டிக் கத்தியிருந்தாள்.

"அக்கா, வேண்டாங்க்கா!"

"ஒண்ணு போனா மிச்சம் பிழைக்கும். பேசாம இரு."

ஒரே கொத்து. மஞ்சள் கருவைச் சூடான விளக்கின்மேல் வழியவிட்டாள். தோசைக்கல்லில் ஊற்றியதுபோல அது பிடித்துக்கொண்டது. மழையால் கழுவ முடியவில்லை. புள்ளியம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு விளக்கின் பக்கத்திலேயே தொற்றி உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி கிளம்பியது. காளியண்ணன் காவலாகப் பின்னால் வந்தார். அடுத்த திருப்பம் நெருங்கும்போது, கலெக்ஷன் அவசரத்தில் பறந்து வந்த பஸ் ஒன்று அவரையும் தாண்டிக்கொண்டு செங்கோடன்மேல் பாய்ந்து வந்தது. செங்கோடன் விளக்கைப் போட்டான்.

மழையில் திறந்து கிடக்கும் முட்டையைப் பார்த்தால் எந்தக் கோழிக்குத்தான் பொறுக்கும்? புள்ளியம்மா சட்டென்று இறக்கையால் விளக்கை மூடினாள்.

"மூடாதீங்க்கா! பஸ்ஸுக்குத் தெரியணும்!"

திறந்தாள். மனசு கேட்கவில்லை, மூடினாள். அவன் கத்தினான், திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அதென்ன மஞ்சளா, மூடி மூடித் தெறக்குது?" என்றது பஸ். "அதுவும் வலது பக்கம் மட்டும்! ஓகோ, இவன் திரும்பப் போறான்டோய்!"

பிரேக் கிறீச்சிட்டது. பஸ் இடது பக்கமாக ஒதுங்கிப் போக, செங்கோடன் நிதானமாக வலது பக்கம் திரும்பி அரிசி ஆலைக்குள் நுழைந்தான். இருட்டுவதற்குள் புள்ளியம்மா உமியில் அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். கூடையில் மிச்சமிருந்த அத்தனை முட்டையும் பொரித்தது.

சேதி பரவாமல் இருக்குமா? கார், வேன், ஜீப் என்று எல்லா வண்டிகளும் உமிக் கொட்டகை முன்னால் வந்து வரிசைகட்டின. காளியண்ணன்தான் முதல் ஆள். சில வண்டிகள் மட்டும் "எங்களுக்குச் சிவப்பே போதும்" என்று கௌரவம் பார்த்து வராமல் இருந்துவிட்டன. அவற்றின் பின்னால் போகிறவர்கள் இன்றைக்கும் திண்டாடுகிறார்கள்.

குஞ்சுகள் காலைச் சுற்றிவர, புள்ளியம்மா செங்கோடனின் விளக்கிலிருந்து ஆளுக்கொரு துளி சுரண்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சும்மா எரிய விட்டுடாதீங்க. மூடி மூடித் தெறங்க. பிள்ளைக்குக் குளிரும்."

அன்றைக்குக் கொடுத்த வாக்கைத்தான் வண்டிகள் இன்றுவரை காப்பாற்றுகின்றன. திரும்பும்போதெல்லாம் அந்த மஞ்சளை மூடி மூடித் திறக்கின்றன. அப்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா, அது புள்ளியம்மா. பொரிக்காமல் போன அந்த ஒன்றை இன்னும் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.