மஞ்சள் விளக்கை அணைத்தவர்

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்துநான்கு. கணபதி ஊர்ப்பக்கம் அம்பாசடர் கார் ரிப்பேரில் பேர் வாங்கிய பொன்னுரங்கம், அந்த வண்டிகள் காயலாங்கடைக்குப் போனபிறகு வீம்பை ஓரங்கட்டிவிட்டு, கம்ப்யூட்டர் வண்டி வேலை பழக ஜெசிந்தாவின் ஷெட்டில் சேர்ந்தார். அவர் ‘அம்மிணி’ என்பார், அவள் ‘அண்ணா’ என்பாள்.

அன்று ஷெட்டுக்கு இழுத்து வரப்பட்டது பதினான்கு வருடப் பழைய வெளிநாட்டுக் கார். அளவில் சின்னது, அந்தஸ்தில் பெரியது. இந்த மாதிரி வண்டியைப் பழசாக வாங்குகிறவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும். வாங்கும் விலை கைக்கு எட்டிவிடும். ஒரு ரப்பர் வாஷர் மாற்றப் போனால்தான் அது பணக்கார வீட்டு வண்டி என்று தெரியும்.

வண்டிக்காரர் தங்கவடிவேல், கல்யாண மேடை போடுகிறவர். வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

“அப்பா நாப்பது வருஷம் மில்லுக்கு சைக்கிள்ல போனவருங்க. ஒரு தடவையாவது சொந்தக் கார்ல பழனிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டேன். உடுமலை தாண்டல, புகை வந்து நின்னுபோச்சு. உச்சி வெயில்ல ரெண்டு மணி நேரம் ரோட்டோரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்கே திரும்பிட்டாரு. நமக்கெல்லாம் எதுக்குப்பா காருங்கறாரு. இனி ஏறமாட்டாராம்.”

ஜெசிந்தா பானெட்டுக்குள் குனிந்திருந்தாள்.

“நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டேன்” என்றார் தங்கவடிவேல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செலவை அப்புறம் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

 வண்டியைப் பார்த்த உடனே பொன்னுரங்கத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“அம்மிணி, இதை நான் முன்னயே பார்த்திருக்கேன்.”

“எப்பங்கண்ணா?”

“போன மாசம். நீங்க மாதா கோயிலுக்குப் போயிருந்தீங்க. ஒரு புரோக்கர் கொண்டாந்தான். டேஷ்போர்டுல தண்ணி குறையுதுன்னு மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. வாங்கற பார்ட்டி வருது, விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்கன்னான். எங்க ஒழுகுதுன்னு பாக்காம தண்ணி ஊத்தி, ஸ்கேனரைப் போட்டு விளக்கை அழிச்சுட்டேன்.”

“காசுக்காகவா?”

“டீக்காசுகூட வாங்கலீங்க. அப்பத்தான் அதைப் பழகியிருந்தேன். ஒரு பட்டனைத் தட்டுனா விளக்கு அணையுதேன்னு குஷி. அவன் எதிர்ல கெத்துக் காட்டிட்டேன்.”

இதைச் சொல்லும்போது அவருக்கே தன்மீது அருவருப்பாக இருந்தது. ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தார்.

அவள் எஸ்டிமேட் தாளை எடுத்தாள். “சொல்லுங்கண்ணா, எழுதறேன்.”

“கூலண்ட் தண்ணி போற குழாய். பிளாஸ்டிக். இந்த வயசு வண்டியில எல்லாத்துலயும் அது விரிசல் விடும்.”

“நாலாயிரம். அன்னிக்கே மாத்தியிருந்தா?”

“அதோட முடிஞ்சிருக்கும்.”

“அடுத்தது?”

“சூட்டுல எஞ்சின் ஹெட் வளைஞ்சுபோச்சு. கேஸ்கெட் போச்சு. வாட்டர் பம்ப்பையும் மாத்தணும்.”

கூட்டியபோது ஒன்றே முக்கால் லட்சம் வந்தது. வண்டி வாங்கியதே மூன்று லட்சத்துக்கு.

பொன்னுரங்கம் மெதுவாகச் சொன்னார். “எல்லாத்தையும் என் கணக்குல எழுதிக்குங்க. சம்பளத்துல புடிச்சுக்குங்க. அவர்கிட்ட வாரண்டின்னு ஏதாச்சும் சொல்லிருங்க. நான் செஞ்சது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.”

“சரிங்கண்ணா.”

அவள் தாளை மடிக்கவில்லை.

“எல்லாம் எழுதியாச்சுங்களா அம்மிணி?”

“ஒண்ணு பாக்கி இருக்குதுங்கண்ணா. நான்தான் ஓட்டிக் கெடுத்துட்டேன்னு அழுதுட்டுப் போனாரே. அதை அவர் மனசுலருந்து எடுக்க எவ்வளவு போடட்டும்?”