குடிக்க என்ன வேண்டும்?

2017 நவம்பர், செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. திருப்பூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் வேலாத்தாள். வயது ஐம்பத்தொன்று. முப்பத்தெட்டுத் தையல் மெஷின் ஓடும் பனியன் கம்பெனியின் முதலாளி. ஆசிரியை ஹசீனாவுக்கு இருபத்தாறு.

வேலாத்தாள் ஒரே ஒரு பாடம் கேட்டு வந்திருந்தார். ஓட்டலில் குடிக்க வாங்குவதற்கான இங்கிலீஷ். டென்மார்க்கிலிருந்து பனியன் வாங்கும் பையர் வருகிறார், பெரிய ஓட்டலில் விருந்து. சரக்கு அனுப்பும் தேதி அந்த மேஜையில்தான் முடிவாகும். போன வருடமும் அப்படித்தான். ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட் தண்டபாணி ஒரு தேதி சொன்னார், வேலாத்தாள் தலையாட்டினார். அந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டி, தீபாவளிக்குத் தையல் பெண்கள் ஒருவரும் ஊருக்குப் போகவில்லை. இப்போது பொங்கல் வருகிறது.

தேதி பேசக் கற்றுக்கொள்ளாமல் ஜூஸ் பெயர் எதற்கு என்று ஹசீனா கேட்டார்.

"மொதல்ல வர்றது சர்வருங்க டீச்சர். போன தடவை அவன்கிட்டயே நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் கடைசி வரைக்கும் பிரியவே இல்லைங்க."

ஹசீனா கற்றுக்கொடுத்தார். ஸ்டில் வாட்டர், ஸ்பார்க்லிங் வாட்டர், ஃப்ரெஷ் லைம், மாக்டெய்ல், வித் ஐஸ், வித்தவுட் ஷுகர். வேலாத்தாள் பனியன் சைஸ் சொல்வதுபோல் மளமளவென்று ஒப்பித்தார். முடித்துவிட்டு, "எனக்கும் அதேன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

ஹசீனா கீழே இறங்கிப் போனார். சர்க்கரை போடாத கடுங்காப்பி இரண்டு கிளாஸ் வாங்கி வந்தார். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை வேலாத்தாள் முன்னால் வைத்தார். வேலாத்தாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அடிவரை குடித்தார்.

"நல்லாருக்குங்களாக்கா?"

"கசக்குதுங்க."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"வந்துருச்சுங்களே."

மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். ஹசீனா சிரிக்கவில்லை. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

வேலாத்தாள் யோசித்தார். வீட்டில் கணவருக்குப் போட்ட காப்பியில் ஒரு டம்ளர். கம்பெனியில் பெண்களுக்கு வரும் டீயில் ஒரு கிளாஸ். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேள்வியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாக வந்தார். "எலுமிச்சை சோடாங்க. உப்புப் போட்டு. ஐஸ் ஆகாது. கடை கடையா ஏறி எல்லாத்தையும் குடிச்சுப் பாத்துட்டேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு பையன் கேக்கறான்."

அன்று ஹசீனா சர்வரானார். வேண்டுமென்றே தவறாகக் கொண்டுவந்து வைத்தார். வேலாத்தாள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"சாரி, ப்ளீஸ் சேஞ்ச் இட்."

"தப்பு யார் மேலக்கா?"

"சர்வர் மேலங்க."

"அப்ப சாரியை அவன் சொல்லட்டும்."

விருந்து முடிந்த மறுநாள் வேலாத்தாள் வகுப்புக்கு வந்து நடந்ததைச் சொன்னார். தண்டபாணி எல்லோருக்கும் ஆரஞ்சு ஜூஸ் சொல்லியிருக்கிறார். வேலாத்தாள் சர்வரைக் கூப்பிட்டுத் தனக்கு வேண்டியதைச் சொன்னார். "அக்காவுக்கு வாய் மொளைச்சிருச்சு" என்றார் தண்டபாணி. சோடா வந்தது, நிறைய ஐஸ் மிதந்தது. மேஜையே பார்த்துக்கொண்டிருக்க, "ப்ளீஸ் சேஞ்ச் இட்" என்றார். கிளாஸ் போய் வேறு கிளாஸ் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பந்தத்தைப் பையர் நீட்டினார். சரக்கு அனுப்பும் தேதி ஜனவரி பதினாறு என்று இருந்தது. தண்டபாணி தலையாட்டிக்கொண்டிருந்தார். வேலாத்தாள் தேதியின் மேல் விரலை வைத்தார்.

"ப்ளீஸ் சேஞ்ச் இட்."

ஏன் என்று பையர் கேட்டார். "பொங்கல்" என்றார் வேலாத்தாள். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. விரலையும் எடுக்கவில்லை. பையர் பேனாவைத் திறந்தார். பதினாறை அடித்து இருபத்தேழு என்று எழுதினார்.

சொல்லி முடித்த வேலாத்தாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஒரு குறை இருந்தது.

"காரணத்தை முழுசா சொல்ல வரலைங்க டீச்சர். அதையும் சொல்லிக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்."

ஹசீனா கேட்டார். "ஐஸ் ஏன் வேண்டாம்னு சர்வர்கிட்டக் காரணம் சொன்னீங்களாக்கா?"

"இல்லைங்களே" என்றார் வேலாத்தாள்.

2018 ஜனவரி 13, சனிக்கிழமை நண்பகலில் அந்தக் கம்பெனியின் ஷட்டர் இறங்கியது. பெண்கள் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறினார்கள். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை மெஷின்கள் மறுபடி ஓடின.