வேதகிரி தேடிப்பிடித்த தெரமின்

“டீச்சர், இந்தத் தடவை சுருதி நிக்கும். வால்வு வச்ச பழைய பெட்டி. கொல்கத்தாவுல தேடிப் பிடிச்சேன்” என்றார் வேதகிரி.

தெரமின் தொடாமல் வாசிக்கும் வாத்தியம். பெட்டியில் ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

வேதகிரி ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் இதைக் கற்க வந்தவர். ஆசிரியை பெனிட்டாவுக்கு அவருடைய மகள் வயது.

போன மாதம் ஒரு டிவி போட்டியில், புதிதாக வாங்கிய பெட்டியில் வாசித்தார். பாதியில் சுருதி ஏறிக்கொண்டே போனது. நடுவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சம்பந்தி வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். மனுஷன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

சேனல்காரர்கள் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். நாளை ஷூட்டிங்.

“அந்தப் புதுப் பெட்டிதான் என் மானத்தை வாங்கிடுச்சு.”

வேறு ஆசிரியராக இருந்தால் ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று சொல்லிக் காட்டியிருப்பார். பெனிட்டா சொல்லவில்லை.

“வாசிங்க சார்.”

வாசித்தார். சுருதி அசையாமல் நின்றது.

“பார்த்தீங்களா!”

“இப்ப புதுப் பெட்டியில.”

அதிலும் நின்றது. வேதகிரியின் முகம் சுருங்கிவிட்டது.

“இங்க நிக்குது. அங்க ஏன் ஏறிச்சு?”

“நிறுத்தாம வாசிங்க” என்று சொல்லிக்கொண்டே பெனிட்டா கம்பியை நோக்கி நடந்தாள். சுருதி கீச்சென்று ஏறியது.

“கிட்ட வராதீங்க டீச்சர்! ஆள் வந்தா ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அன்னிக்கு யார் வந்தாங்க?”

“யாரும் வரல. மேடையில நான் ஒருத்தன்தான்.”

பெனிட்டா டிவியில் அந்த நிகழ்ச்சியைப் போட்டாள். சத்தத்தை நிறுத்தினாள்.

வேதகிரி அதை எத்தனையோ தடவை கேட்டிருந்தார், வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. பார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம், மேடையோரம், மேடையில் நடப்பதை அப்படியே காட்டும் ஒரு டிவி. அதில் பெரிதாக அவருடைய முகம்.

மேடையில் நின்ற வேதகிரி முதலில் கண்ணை அங்கே திருப்பினார். பிறகு கழுத்தை. பிறகு தோளும் போனது. வாசிப்பு முடிவதற்குள் ஆள் முழுசாகக் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தார்.

அவருக்கு அவமானமாக இருந்தது, போன மாதத்தைவிட அதிகமாக.

“நாளைக்கு அந்த டிவியைத் திருப்பி வைக்கச் சொல்லிடறேன் டீச்சர்.”

“சொல்லுங்க.”

நிம்மதியோடு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசல் வரை போய்விட்டார்.

“சார்” என்று பெனிட்டா கூப்பிட்டாள். “அதைத் திருப்பிட்டா, அப்புறம் யாருக்கு வாசிப்பீங்க?”