ஒப்பந்ததாரர் சுற்றி நடந்த இடம்

புதிதாகத் தார் போட்ட சாலையில் ஒரே இடம் மூன்று முறை உள்வாங்கியது. ரோலர் அதன்மேல் ஏறும்போதெல்லாம் அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல் ஓசை எழுந்தது.

"பேயாவது, பிசாசாவது! நீ கலவையை ஒழுங்கா இழுத்துவிடல, செங்கமலம். நாளைக்கும் மட்டமாகலேன்னா மூட்டையைக் கட்டு" என்று உறுமினார் ஒப்பந்ததாரர் திருமேனி.

சுடு தாரைச் சமப்படுத்தும் கூலிப்பெண் செங்கமலம் கலவையை இழுக்கும் பலகையை மீண்டும் கையில் எடுத்தாள். மறுநாள் தார் போடும் இயந்திரம் நடுவில் நில்லாமல் ஒரே சீராக நகர்ந்தது. சூடு ஆறுமுன் ரோலரும் உருண்டது. சோதிக்க வந்த பொறியாளரின் மட்டப்பலகை ஒரு குறையும் காணவில்லை.

"பள்ளம் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியலைங்க. ஐயாவே முதல்ல நடந்து காட்டுங்க" என்றாள் அவள்.

திருமேனி நெஞ்சு நிமிர்த்தி நடுச்சாலையில் நடந்தார். ஓரிடத்தில் மட்டும் அவருடைய கால்கள் தாமாகவே விலகிச் சுற்றிச் சென்றன.

"அங்கே தோண்டுங்கள்" என்றார் பொறியாளர்.

தோண்டியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. உளுத்த பலகைகளின் கீழே, செலவை மிச்சப்படுத்தத் திருமேனி தூர்க்காமல் மூடிய பழங்கிணறு வாய்பிளந்து கிடந்தது.

அன்பர்களே, மேற்பரப்பை இழைத்து ஊரின் கண்ணை ஏமாற்றலாம். மூடிவைத்த பள்ளத்தை நம் கால்கள் மறப்பதில்லை. முதலில் அடியை நிரப்புங்கள்.