சேத்துச் சுழிக்கு என்ன அர்த்தம்?

“யாரு, நானா மேல்துறைக்குள்ள அத்துமீறி நுழைஞ்சேன்? நல்லா இருக்கு நியாயம்! நான் நுழையல, தலைவரே. நீங்க போட்ட சட்டம்தான் என் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போய் அங்க விட்டுச்சு!”

சிலுப்பி கத்தினா. அவ ஒரு முள்ளம்பன்னிக் குட்டி. காட்டுப் பள்ளிக்கூடத்துல படிக்கிறவ. கோவம் வந்தா அவ முதுகு முள்ளெல்லாம் சடசடன்னு எழுந்து நிக்கும். இன்னிக்கு ஒரு முள்ளுகூடப் படுத்திருக்கல.

“என்னது? கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போனேனா? ஆமா, போனேன்! தவளை, ஆமை, பன்னி, எலி, எல்லாரும்தான் வந்தாங்க. தாகம் எடுத்தா வரமாட்டாங்களா? அப்புறம் என்ன சொல்றீங்க... திமிரா? முதுகு பூரா முள்ளு வச்சிருக்கவளுக்குத் திமிர் இல்லாம இருக்குமா?”

பின்னாடி நின்ன தவளைங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியல. கெக்கெக்கேன்னு கத்திடுச்சுங்க.

எதிர்ல பாறை மேல தோகையார் உக்காந்திருந்தார். அவர் ஒரு மயிலு. அந்தக் காட்டுக்கே தலைவர். அவர் யார்கிட்டயும் நேரா பேசமாட்டார். பேசினா மதிப்பு போயிடுமாம்! பக்கத்துல நிக்கற காட்டுச்சேவல் கொக்கரன் காதுல முணுமுணுப்பார். கொக்கரன் அதை ஊருக்குச் சொல்லுவான்.

இன்னிக்கு முணுமுணுப்பு ரொம்ப நீளமா இருந்துச்சு. குத்தம் நிரூபணம் ஆனா சிலுப்பி குடும்பத்தைக் குளத்தை விட்டே விலக்கி வைப்பாங்க. கோடை நேரம். அந்தக் காட்டுல வேற தண்ணி கிடையாது. விலக்கி வச்சா அம்மாவும் அவளும் எப்படியோ சமாளிச்சுடலாம். தம்பி மொட்டு பிழைக்கமாட்டான். அவனுக்கு இன்னும் முள்ளுகூட விறைக்கல.

இவ்வளவு தூரம் வந்தது எப்படி? கேளுங்க.

அந்தக் குளத்துல ஒரு பக்கம் பாறை. பாறைக்கு அடியில ஊத்து. அங்க தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். அது மேல்துறை. அங்கேருந்து வழியற தண்ணியில மானுங்க கால் கழுவும். மயிலுங்க குளிக்கும். மிச்சமெல்லாம் கலங்கிக் கலங்கி எதிர்க்கரைக்கு வந்து சேரும். அது கீழ்த்துறை. கோடையில அங்க பேருக்குத்தான் தண்ணி, மத்ததெல்லாம் சேறு.

மேல்துறையில குடிக்கணும்னா தலையில ஒரு மயிலிறகு இருக்கணும். நுனியில கண்ணு வச்ச இறகு.

அந்த இறகு யாருக்குக் கிடைக்கும்? அதுக்குன்னு வருஷா வருஷம் ‘இறகு நாள்’ நடக்கும். கொக்கரன் அத்திமரத்து உச்சியில நின்னு இறகுகளை உதறுவான். எந்தக் குட்டி மேல விழுதோ அந்தக் குட்டியைக் குளமே தேர்ந்தெடுத்திருக்குன்னு அர்த்தம். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு! ஆனா மரத்தடியில மான்குட்டியும் மயில்குஞ்சும் மட்டும்தான் நிக்கலாம். கீழ்த்துறைப் புள்ளைங்க தூரத்துப் புதருக்குப் பின்னாடி நின்னு கைதட்டணும்.

பள்ளிக்கூடத்துல வெண்புள்ளின்னு ஒரு மான் டீச்சர். பரிட்சையில அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க: ‘தோகைக் கண்ணின் உட்பொருள் யாது?’

மான்குட்டிங்க எழுதினது இது: ‘கண் என்பது அறிவு. அறிவுடையோர்க்கே தெளிந்த நீர்.’

சிலுப்பி எழுதினது இது: ‘மயில் உதிர்த்த இறகு. கூட்டி அள்ளினா குப்பை.’

முட்டை மார்க்!

“உனக்குக் குறியீடுன்னா என்னன்னே புரியலடி!” டீச்சர் சலிச்சுக்கிட்டாங்க.

“நல்லாவே புரியுது டீச்சர். குறியீடு உங்களுக்கு, சேறு எங்களுக்கு!”

அன்னிக்கு அவளை வகுப்புக்கு வெளிய நிக்க வச்சாங்க. அவ வெளிய நின்னும் வாயை மூடல.

அந்தச் சமயத்துலதான் மொட்டுவுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. சேத்துத் தண்ணி அவனுக்கு ஒத்துக்கல. குடிச்சதெல்லாம் கக்கினான். கண்ணு உள்ள போயிடுச்சு. “அக்கா, தண்ணி... கடிக்காத தண்ணி...”ன்னு முனகினான். சேத்துல இருக்கற மண்ணு பல்லுல நறநறன்னு கடிபடுமே, அதைத்தான் சொன்னான்.

சிலுப்பி மேல்துறைக்கு ஓடினா. வாழ்க்கையிலேயே முதல் தடவையா கெஞ்சினா.

“டீச்சர், ஒரே ஒரு வாய் தண்ணி. எனக்கில்ல, தம்பிக்கு.”

“இறகு இருக்காம்மா?”

“அவன் கக்கிக்கிட்டே இருக்கான் டீச்சர்!”

“அது சரி. இறகு இருக்கா?” வெண்புள்ளி டீச்சர் கண்ணுல நிஜமாவே தண்ணி வந்துச்சு. “எனக்கு மட்டும் மனசு வலிக்காதா? ஆனா குளம் உன் தம்பியைத் தேர்ந்தெடுக்கலையே, நான் என்ன பண்ண!”

கண்ணுல வந்த அந்தத் தண்ணியைக்கூட டீச்சர் மேல்துறையிலதான் கழுவிக்கிட்டாங்க.

சிலுப்பி திரும்பி வந்தா. வழியில இருந்த செடியெல்லாம் அவ முள்ளு பட்டுக் கிழிஞ்சுச்சு. கீழ்த்துறையில உருட்டி மாமா சேத்துல புரண்டுக்கிட்டிருந்தார். அவர் ஒரு கிழட்டுக் காட்டுப்பன்னி. தலை அரிச்சதுன்னு கரையில நெத்தியை வச்சுச் சுத்திச் சுத்தித் தேய்ச்சிருந்தார். நெத்தி நடுவுல சேறு சுழி மாதிரி காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு.

எதிர்க்கரையில ஒரு மான்குட்டி அதைப் பார்த்துடுச்சு. “டீச்சர், அந்தப் பன்னி நெத்தியில இருக்கற சுழிக்கு என்ன அர்த்தம்?”

வெண்புள்ளி டீச்சர் வாயைத் திறந்தாங்க. மூடினாங்க. “அது... வந்து... அடுத்த வருஷப் பாடம்!”

சிலுப்பி நின்னுட்டா. டீச்சர் முகத்தையே உத்துப் பார்த்தா. பொட்டுத் தண்ணி கேட்டப்போ ‘இறகு இருக்கா’ன்னே கேட்ட முகம், ஒரு சுழிக்கு அர்த்தம் தெரியலன்னதும் எப்படி வேர்த்துக் கொட்டுது! அவ முள்ளெல்லாம் ஒண்ணு ஒண்ணா அடங்கிச்சு. அவ முள்ளு அடங்கினாத்தான் பயப்படணும்.

“மாமா! அந்தச் சேத்தைத் துடைச்சிடாதீங்க!”

“எந்தச் சேத்தை, புள்ள? உடம்பு பூரா அதானே இருக்கு!”

“நெத்தியில இருக்கறதை. யாராவது என்னன்னு கேட்டா, சொல்லமாட்டேன்னு சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்லமாட்டேன்?”

“அதை என்கிட்டகூடச் சொல்லாதீங்க!”

உருட்டி மாமா ரொம்ப நேரம் யோசிச்சார். “சரி புள்ள. எனக்கே தெரியாதது. அதைச் சொல்லாம இருக்கறது ஒரு கஷ்டமா?”

மறுநாள் காலையில கீழ்த்துறைக்காரங்க எல்லார் நெத்தியிலயும் சுழி. தவளைக்குச் சின்னச் சுழி. எலிக்கு அதைவிடச் சின்னச் சுழி. ஆமைக்கு இடம் பத்தாம ஓட்டு மேல பெரிய சுழி.

வெண்புள்ளி டீச்சர் சும்மா காத்து வாங்க வர்ற மாதிரி இந்தப் பக்கம் வந்தாங்க. “என்ன தவளைங்களா, நெத்தியில சும்மா சேறுதானே அது?”

“சும்மாவா!” ஒரு தவளை தன் வாயைத் தானே பொத்திக்கிச்சு.

“அட, என்கிட்டச் சொல்லக் கூடாதா?”

“இறகு வச்சவங்களுக்கு இது புரியாது டீச்சர். குறியீடு!”

அவ்வளவுதான். மேல்துறையில அன்னிக்கு யாருக்கும் தொண்டையில தண்ணி இறங்கல.

“சுழின்னா சூறாவளி! ஏதோ வரப்போகுது!”

“இல்லவே இல்ல. சுழின்னா ஊத்து. அவங்க புது ஊத்து கண்டுபிடிச்சுட்டாங்க!”

“ரெண்டும் தப்பு,” வெண்புள்ளி டீச்சர் ஒரு பாடமே நடத்தினாங்க. “சுழி என்பது பூமியோட தொப்புள். இறகு காத்துல பறந்துடும். பூமி பறக்குமா? அப்படின்னா அவங்க சின்னம் நம்ம சின்னத்தை விட...”

தோகையார் கொக்கரன் காதுல முணுமுணுத்தார். கொக்கரன் பறந்து வந்து கூவினான்.

“எல்லாரும் கேளுங்க! இன்னியிலேருந்து சேறு மேலோர் சின்னம்! இறகு வச்சவங்க மட்டும்தான் சேத்தைத் தொடலாம்! கீழ்த்துறைக்காரங்க உடம்புல ஒரு பொட்டுச் சேறு இருந்தாலும் தண்டனை! அவங்கள்ல யாரும் சேத்துல கால் வைக்கக் கூடாது! எல்லாரும் சுத்தமா இருக்கணும்!”

“எங்கப்பா போய் குளிக்கறது?” உருட்டி மாமா கேட்டார்.

கொக்கரன் அதுக்குள்ள பறந்துட்டான். சட்டம் போட்ட அவசரத்துல அதை யாரும் யோசிக்கல.

விடிஞ்சதும் மான் கூட்டமும் மயில் கூட்டமும் கீழ்த்துறைக்குள்ள பாய்ஞ்சுது. என்னா தள்ளு! என்னா முள்ளு! “என் சுழி பெருசு!” “நகருடா, இது என் சேறு!” தோகையார் தோகையோட உள்ள இறங்கினார். மேல ஏறும்போது அவர் பின்னாடி பாதிக் கீழ்த்துறை சேர்ந்து வந்துச்சு.

மேல்துறையில ஒரு ஈ, காக்கா இல்ல.

சிலுப்பி தம்பியை வயித்தோட அணைச்சுக்கிட்டா. “எல்லாரும் சட்டத்தை மதிக்கணும்! சேறு இல்லாத இடமாப் பார்த்து நடங்க!” சேறு இல்லாத இடம் அங்க ஒண்ணே ஒண்ணுதான்.

மொட்டு ஊத்துக்கிட்ட குனிஞ்சான். உடனே பயந்து பின்னாடி வந்துட்டான்.

“அக்கா! தண்ணிக்குள்ள யாரோ இருக்கான்! ரொம்ப மெலிஞ்சு போயிருக்கான்!”

“அது நீதான்டா,” சிலுப்பி சொன்னா.

சேத்துல முகம் தெரியாதே. அவன் தன்னைப் பார்த்ததே இல்ல. மொட்டு திரும்பக் குனிஞ்சான். தன் மூக்கைத் தானே முட்டிக்கிட்டுக் குடிச்சான். குடிச்சது உள்ளயே தங்கிச்சு. சிலுப்பி முகத்தைத் திருப்பிக்கிட்டா. அழறதை யாராவது பார்த்தா அப்புறம் எப்படி நாளைக்குச் சண்டை போடறது!

அதுலேருந்து தினமும் இவங்க இங்க, அவங்க அங்க. மொட்டு தேறி, ஓடவே ஆரம்பிச்சுட்டான். அந்தப் பக்கம் ஒவ்வொரு மானா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் புதருக்கு ஓடிச்சு. ஒருவழியா புத்தி வந்து மேல்துறையைத் திரும்பிப் பார்த்தாங்க. அங்க உருட்டி மாமா மல்லாக்க மிதந்துக்கிட்டிருந்தார்.

அப்புறம் என்ன, விசாரணைதான்.

“சரி, நீங்களே சொல்லுங்க!” சிலுப்பி பாறைக்குக் கீழ வந்து நின்னா. “சேறு உசத்தின்னா, தாழ்ந்தவங்க நாங்க தெளிஞ்ச தண்ணியிலதான் கிடக்கணும். எங்க மேல குத்தமே இல்ல! தெளிஞ்ச தண்ணிதான் உசத்தின்னா, நீங்க எதுக்குச் சேத்துல போய் விழுந்தீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!”

தோகையார் முணுமுணுத்தார். கொக்கரன், “இன்னொரு தடவை சொல்லுங்க”ன்னு காதை நீட்டினான்.

“டீச்சர்!” சிலுப்பி திரும்பினா. “சுழிக்கு என்ன அர்த்தம்னு இப்போ கேளுங்க, நான் சொல்றேன். உருட்டி மாமாவுக்குத் தலை அரிச்சுச்சு. கரையில தேய்ச்சார். அவ்வளவுதான் அர்த்தம்!”

“பேன் தொல்லை,” உருட்டி மாமா ஒத்துக்கிட்டார்.

காடே சிரிச்சுச்சு. மான்குட்டிங்களும் சிரிச்சுடுச்சுங்க. வெண்புள்ளி டீச்சர் மட்டும் நெத்திச் சுழியைக் காலால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தாங்க. அது போகல.

சிலுப்பி சிரிக்கல. “அர்த்தமே இல்லாத சேத்துக்கு நீங்க ஒரே நாள்ல அர்த்தம் சொல்லி, சட்டமும் போட்டுட்டீங்க. அப்போ அந்த இறகு? அதுக்கு யாரு அர்த்தம் சொன்னது? யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டது? அந்த அர்த்தத்தை நம்பி என் தம்பி செத்திருந்தா, யாரு வந்து பதில் சொல்லியிருப்பீங்க?”

மான்குட்டிங்களும் தலையைத் தூக்கித் தோகையாரைப் பார்த்துச்சுங்க.

தோகையார் மறுபடியும் கொக்கரன் காதுக்குக் குனிஞ்சார். கொக்கரன் தீர்ப்பைச் சொல்லக் கழுத்தை நீட்டினான்.

“கொக்கரண்ணே, நீங்க நகருங்க! உங்க காதுக்குள்ள சொல்றது எங்களுக்கு வேணாம்! தலைவரே, எழுந்திருங்க! இத்தனை பேருக்கு முன்னாடி, உங்க சொந்த வாயால சொல்லுங்க. எங்க தண்ணிக்கும் உங்க இறகுக்கும் என்ன சம்பந்தம்?”

தோகையார் எழுந்தார். சுத்தி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மெதுவா, அழகா, தோகையை விரிச்சார். சேறு ஒட்டின கண்ணுங்க எல்லாம் வரிசையா மினுங்கிச்சு.

“அடேயப்பா, என்னா அழகு!” உருட்டி மாமா சொன்னார். “ஆனா பதில் ஒண்ணும் காதுல விழலையே!”

“தோகையை விரிச்சா அது பதில் ஆகாது!” சிலுப்பியோட முள்ளெல்லாம் விறைச்சு நின்னுச்சு. “வாயைத் திறங்க!”

“வாயைத் திறங்க!” தவளைங்க கத்திச்சு. எலிங்க கத்திச்சு. ஆமைகூட ஓட்டை விட்டுத் தலையை முழுசா வெளிய நீட்டிக் கத்திச்சு. “வாயைத் திறங்க!”

ஒரு சின்னத்தைக் காட்டி உங்க பங்குத் தண்ணியை எவராவது எடுத்துக்கிட்டா, அந்தச் சின்னத்தோட அர்த்தத்தை மனப்பாடம் பண்ணாதீங்க, எடுத்தவரை ஊரு முன்னாடி நிறுத்தி, வாயைத் திறந்து பதில் சொல்லச் சொல்லுங்க!